குதிரைமுடியில் மேகம்

பிப்ரவரி 12

இந்த நோட்டை ரேஞ்சர் நவநீதன் கொடுத்தார். கொடுக்கும்போது போட்டோ எடுத்தார்கள். நான் ஒரு முனையைப் பிடித்தேன், அவர் மறு முனையைப் பிடித்தார். போட்டோக்காரன் “இன்னொண்ணு, இன்னொண்ணு” என்று ஐந்து தடவை எடுத்தான். நோட்டு கிழியாமல் தப்பியது.

“பெரியவரே, தெனம் மூணு வேளை கோபுரத்துல ஏறிப் பாக்கணும். காலைல எட்டு, மதியம் பன்னெண்டு, சாயந்தரம் நாலு. புகை உண்டா இல்லையான்னு எழுதணும். இது அரசாங்க ஆவணம்” என்றார்.

“புகை இல்லாத நாள்ல என்னய்யா எழுதுறது?”

“கண்ணுல பட்டதை எழுதுங்க.”

அவரே சொல்லிவிட்டார். இனி என்மேல் குற்றமில்லை.

எழுதுகிறவன் மொக்கச்சாமி, வயது அறுபத்தொன்பது, படிப்பு ஐந்தாம் வகுப்பில் பாதி. வேலை தீக்காவல், கோடை முடியும் வரைக்கும். இடம் கழுகுப்பாறைக் கோபுரம். எதிரே குதிரைமுடி மலை. அந்தக் குதிரையின் கழுத்து மயிர் மாதிரி நாவச்சோலை. சோலைக்குள் ஊற்று, ஊற்றிலிருந்து குழாய், குழாய்க்குக் கீழே எங்கள் ஊர் ஊத்தடி, அங்கே குடத்தோடு சண்டை போடும் நூற்றிருபது வீடு. சோலை இருந்தால் சண்டை உண்டு. சோலை போனால் சண்டைக்கும் ஆள் இருக்காது.

இந்த நோட்டில் கோடு சரியாக விழவில்லை. அச்சடித்தவன் மையை மிச்சம் பிடித்துவிட்டான். அதனால் பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 13

புகை இல்லை. இல்லை. இல்லை.

பிப்ரவரி 17

புகை இல்லை. கார்டு திலகா வந்தது. வனக்காப்பாளராம், இருபத்தாறு வயது, நடையில் சிறுத்தை தோற்கும். எனக்கு ஒரு வாக்கிடாக்கி கொடுத்து, பேசி முடித்ததும் “ஓவர்” என்று சொல்லச் சொன்னது. எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. என் சம்சாரம் இருந்த காலத்தில் இது தெரிந்திருந்தால் எத்தனையோ பேச்சைச் சுருக்கமாக முடித்திருக்கலாம். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஓவர்.

தூரத்தைப் பார்க்கும் பைனாகுலர் ஒன்றும் கொடுத்தது. மட்டமான சாமான். இரண்டு கண்ணாடியிலும் பாலை ஊற்றி வைத்த மாதிரி இருக்கிறது.

“தாத்தா, எனக்கு நல்லாத்தானே தெரியுது?”

“ஒனக்குத் தெரியும்மா. கவர்மெண்டு சாமான், கவர்மெண்டு ஆளுக்குத்தான் வேலை செய்யும்.”

சிரித்துவிட்டுப் போனது.

பிப்ரவரி 20

காலையில் பாதையோரம் ரேஞ்சர் நின்றிருந்தார். வணக்கம் வைத்தேன். பதில் இல்லை. பெரிய மனுசர், கோபமோ என்று இன்னொரு வணக்கம் வைத்தேன். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

“மச்சான், அந்தக் கட்டைக்கு எம்புட்டு மரியாதை!”

காமாயி. என் சம்சாரத்தின் தங்கச்சி. முப்பத்தேழு ஆடு வைத்திருக்கிறாள், நாக்கு ஒன்றுதான் என்றாலும் ஆட்டைவிட வேகமாக ஓடும்.

“கட்டைன்னு எனக்குத் தெரியாதா? ரேஞ்சருக்கும் கட்டைக்கும் என்னா வித்தியாசம்னு சோதிச்சுப் பாத்தேன்.”

“சோதிச்சது சரி. இது எத்தனை?” என்று கையைத் தூக்கினாள்.

“அடுத்தவன் பொண்டாட்டி வெரலை எண்ணுற பழக்கம் எனக்கில்லை.”

அவள் சிரிக்கவில்லை. கம்மங்கூழ்த் தூக்கை வைத்துவிட்டுப் போனாள். புகை இல்லை.

பிப்ரவரி 28

புகை இல்லை. கோபுரத்துக்குக் கீழே ஒரு போர்டு நட்டிருக்கிறார்கள். ‘மரம் வெட்டாதீர்’ என்று திலகா வாசித்துக் காட்டியது. தடவிப் பார்த்தேன். நல்ல தேக்குப் பலகை.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், ஆனாலும் எழுதத்தான் வேண்டும். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் காண்டிராக்டரிடம் கோடாலி பிடித்தவன் நான். இந்த மலையில் அன்றைக்கு மூன்று சோலை. இரண்டை நாங்கள் முடித்தோம். அவற்றிலிருந்து வந்த இரண்டு ஓடையும் ஐந்தாவது வருஷமே வற்றின. ஈரத்துணியை எடுத்துவிட்டால் பானைத் தண்ணீர் சூடாகிற மாதிரிதான். மூன்றாவதற்குள் போவதற்குமுன் காண்டிராக்டருக்கு நெஞ்சுவலி வந்தது. நாவச்சோலையைக் காப்பாற்றியது அரசாங்கம் அல்ல, அவனுடைய நெஞ்சு.

இப்போது அந்த மிச்சத்துக்கு நான் காவல்.

மார்ச் 6

புகை இல்லை. கீழே பள்ளிக்கூடத்தில் பத்தாம் தேதி கண் முகாமாம். காமாயி வந்து சொன்னாள்.

“வண்டி அவுகளே அனுப்புறாக. காலைல போனா சாயந்தரம் வந்துரலாம் மச்சான்.”

“அங்க வர்றவன் பூராம் கெழவன். நான் எதுக்கு?”

“கண்ணு தெரியலைன்னா கோபுரத்துலருந்து எறக்கி விட்ருவாகன்னு பயமா?”

“ஏ காமாயி, ஒன் செவலை ஆட்டுக்கு மணி அவுந்து கெடக்கு, அதைப் போய்ப் பாரு. எனக்குக் கண்ணு தெரியலைன்னா இதெல்லாம் எப்படிச் சொல்றேன்?”

“மணிச் சத்தம் கேக்கலைன்னுதான் சொல்றீக.”

இவளோடு பேசினால் கூழும் கசக்கிறது.

மார்ச் 10

வேலை அதிகம். முகாமுக்குப் போகவில்லை. புகை இல்லை.

மார்ச் 18

இருபத்தொன்றாம் தேதி உலக வன நாளாம். குதிரைமுடி அடிவாரத்து மேட்டில் விழா. நூற்றெட்டு மரக்கன்று நடுகிறார்களாம். கன்று நடுவதற்கு இடம் வேண்டுமே? ஜேசிபி வந்து மேட்டிலிருந்த குறுங்காட்டை வழித்துப் போட்டது. காலையிலிருந்து சாயந்தரம்வரை சத்தம். கன்று நட வெட்டிய மரத்தை எண்ணிச் சொல்லும்படி திலகாவைக் கேட்டேன்.

“தாத்தா, அதெல்லாம் வாக்கிடாக்கில கேக்காதீங்க. ஓவர்.”

புகை இல்லை. மழை பெய்து மூன்று மாதம். புல்லில் நடந்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

மார்ச் 21

காலை எட்டு மணி, புகை இல்லை.

விழா பதினொரு மணிக்கு. எல்லாரும் அங்கே. கோபுரத்தில் நான் மட்டும். விருந்தாளி வந்ததும் சரவெடி. ஒன்று இல்லை, மூன்று சரம். பாறை முழுக்க எதிரொலித்தது. மலை அணில் கத்திக்கொண்டு ஓடியது. காமாயியின் ஆடுகள் மிரண்டு சிதறின, அவள் வெடி வைத்தவனின் ஏழு தலைமுறையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டது இங்கேவரை கேட்டது. காட்டைக் காப்பாற்றுவது பற்றி மைக்கில் ஒரு மணி நேரம் பேசினார்கள். இரண்டு மணிக்கெல்லாம் கார்கள் இறங்கிப்போன சத்தம்.

மாலை நான்கு மணி. குதிரைமுடிக்குப் பின்பக்கத்து, விழா மேட்டை ஒட்டிய ஓடையில் வெள்ளையாக மேகம் இறங்கியிருக்கிறது. கோடை மழை வரப்போகிறது. வாக்கிடாக்கியில் சொன்னேன்.

“மேகமா தாத்தா? நாங்க ரேஞ்ச் ஆபீஸ்ல இருக்கோம், இங்கருந்து மலை தெரியலை. நல்லாப் பாத்தீங்களா? ஓவர்.”

“நான் பாத்த மேகத்தைவிட நீ பாத்த சினிமா கம்மி. மேகந்தான். குடை எடுத்துட்டு வா. ஓவர்.”

காற்று மேற்கே போகிறது, அதனால் மண்வாசனை இந்தப் பக்கம் வரவில்லை. நல்ல மேகம். அலையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது.

மார்ச் 22

காலையில் காற்று திரும்பியது. மண்வாசனை இல்லை.

மார்ச் 25

மூன்று நாளாக நோட்டைத் தொடவில்லை. கை வீங்கியிருக்கிறது.

இருபத்திரண்டாம் தேதி காற்று திரும்பியதும் தீ ஓடையிலிருந்து மேலே ஏறிவிட்டது. ஊரே பச்சைத்தழையை ஒடித்துக்கொண்டு ஏறியது. புல்லில் தீ போகிற சத்தம் அசல் மழைச் சத்தம்தான். நான் சத்தத்தை வைத்துத்தான் எந்தப் பக்கம் வருகிறது என்று சொன்னேன். “இங்கிட்டு வெட்டு, அங்கிட்டு அடி” என்று கத்தினேன். புகைக்குள் யாருக்கும் கண் தெரியாது. மூன்று நாள் எல்லாரும் என்னை மாதிரியே இருந்தார்கள்.

மேலே என்ன எழுதினேன் என்று வாசித்துப் பார்க்க முடியவில்லை. இருக்கட்டும்.

நாவச்சோலையில் பாதி போய்விட்டது. முந்நூறு வயது நாவல் மரம் உள்ளுக்குள்ளேயே எரிந்து இன்று காலையில் விழுந்தது. இருவாச்சிப் பறவை ஒன்று அந்த மரத்துப் பொந்துக்குள் முட்டையோடு அடைந்திருந்தது. ஆண் பறவை பழத்தைக் கவ்விக்கொண்டு மரம் இருந்த இடத்துக்கு வந்து வந்து போகிறது என்று திலகா சொன்னது. சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டது. புகை என்றது.

மார்ச் 26

காமாயியை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள்.

இருபத்திரண்டாம் தேதி விடியற்காலையில் குதிரைமுடியில் அவளைப் பார்த்தார்களாம். ஆமாம், இருந்தாள். வெடிச்சத்தத்துக்குத் தெறித்து ஓடிய இரண்டு ஆட்டைத் தேடிப்போனாள். ‘புதுப்புல் முளைக்கத் தீ வைத்தாள்’ என்று கேஸ். ஆடு மேய்க்கிறவர்கள் என்றால் இந்த ஒரு காரணத்தைத் தயாராக அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். பேரை மட்டும் எழுதினால் போதும்.

மார்ச் 28

ரேஞ்சர் பிஸ்கட் பாக்கெட்டோடு கோபுரத்துக்கு வந்தார். ஏறும்போது மூச்சு வாங்கியது. எனக்குப் பிஸ்கட் கொடுக்க ஏறினார் என்றால் மலையே சிரிக்கும்.

நோட்டை வாங்கிப் புரட்டினார். கட்டைக்கு வணக்கம் வைத்த பக்கத்தில் கொஞ்சம் இருமினார். இருபத்தொன்றாம் தேதிக்கு வந்ததும் குரலே மாறிவிட்டது.

“அருமை பெரியவரே! ‘மாலை நான்கு மணி மேகம்.’ அப்ப விழா அன்னிக்குத் தீ இல்லை. மறுநாள்தான் பத்தியிருக்கு. மறுநாள் மலைல இருந்தது அந்தப் பொம்பளை மட்டும். கணக்கு நேராயிருச்சு.”

“ஐயா, வெடி போட்டீகளே…”

“வெடி போட்டது இருபத்தொண்ணு. தீ இருபத்தி ரெண்டு. ஒங்க எழுத்துதான் சாட்சி. நாலாந்தேதி விசாரணை, மாவட்டத்துலருந்து பெரிய ஆபீசர் வர்றாரு. நோட்டோட வந்துருங்க. ஒங்களுக்கு நிரந்தரமா இந்தக் கோபுரத்தையே எழுதி வாங்கித் தர்றேன்.”

போகும்போது என் தோளைத் தட்டினார். பிஸ்கட்டைக் குரங்குக்குப் போட்டேன். குரங்கு முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றது. நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மார்ச் 31

காமாயி ஜாமீனில் வந்திருக்கிறாள். போனேன். வாசலில் ஆடுகளுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்க மேகத்தரசே” என்றாள்.

ஒரு குழையை எடுத்து நானும் கட்டினேன்.

“காமாயி, நீ ஆபீசுல சொல்லியிருக்கலாமுல்ல? எங்க மச்சானுக்குக் கண்ணு…”

“என்னா கண்ணு?”

“ஒண்ணுமில்லை.”

“நான் எதுக்குச் சொல்லணும்? அக்கா போனதுக்கப்புறம் ஒங்களுக்குன்னு இருக்குறது அந்தக் கோபுரம் ஒண்ணுதான். அதையும் நான் புடுங்கவா? மேகம்னு நீங்க எழுதுனா மேகம்தான். நான் ரெண்டு வருசம் உள்ள போயிட்டு வாரேன். முப்பத்தேழு ஆட்டையும் நீங்க மேய்ச்சுக்கிட்டு இருங்க. எண்ணத் தெரியுமா?”

குழாயில் தண்ணீர் சாம்பல் நிறமாக வருகிறது என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. குடித்தபோது தெரிந்தது.

ஏப்ரல் 3

புகை இல்லை. இருந்தாலும் எனக்குத் தெரியாது.

எழுதியாகிவிட்டது.

ஏப்ரல் 4

ரேஞ்ச் ஆபீஸ். பெரிய ஆபீசர் மேசைக்கு அந்தப் பக்கம். ரேஞ்சர், திலகா, காமாயி, நான். ரேஞ்சர் நோட்டை விரித்து இருபத்தொன்றாம் தேதியை மணிமணியாக வாசித்தார். பள்ளிக்கூடத்தில் என் எழுத்தை யாரும் இவ்வளவு ஆசையாக வாசித்ததில்லை.

“இது நீங்க எழுதினதுதானே?” என்றார் ஆபீசர்.

“ஆமாய்யா. எழுதுனது நான். பாத்தது நான் இல்லை.”

“அப்ப யார் பாத்தது?”

“யாருமே பாக்கலை. எனக்குக் கண்ணு தெரியாது. மூணு வருசமாச்சு, பால் மூடிப்போச்சு. வெள்ளையா ஒண்ணு நின்னுச்சு. மேகம்னு சொன்னா மழை வரும்னு எனக்கே ஆசை. அதான் மேகம்னு எழுதிட்டேன். அது புகை. இந்தப் புள்ள ரெண்டு தடவை கேட்டுச்சு, நான் கேலி பேசி வாயை அடைச்சேன். அப்பவே சொல்லியிருந்தா பத்துப் பேரு தழையோட போயி அமத்தியிருக்கலாம். அன்னிக்கு அந்த மேட்டுல தீக்குச்சி கொண்டுபோனது சரவெடி வச்சவுக மட்டுந்தான். இவ ஆட்டைத் தேடிப் போகும்போது தீக்கு ஒரு நா வயசு.”

ரேஞ்சர் எழுந்துவிட்டார். “சார், பெரியவருக்கு வயசாச்சு. அந்தம்மா சொந்தக்காரி. எழுத்து எவ்வளவு தெளிவா இருக்குன்னு பாருங்க. கண்ணு தெரியாதவர் எழுதுற எழுத்தா இது?”

ஆபீசரும் யோசித்தார். “கண்ணு தெரியாதுங்கிறதை நாங்க எப்படிய்யா நம்புறது?”

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். “நம்புங்கய்யா. வந்ததுலருந்து ரேஞ்சரய்யா மூஞ்சியைப் பாத்துத்தான் பேசிக்கிட்டிருக்கேன். ஆனா அவரு பேச்சு மட்டும் வேற பக்கத்துலருந்து வருது, அதான் சந்தேகமா இருக்கு.”

அப்புறம் திலகா மெல்லச் சொன்னது: “தாத்தா, அது பீரோ. மேல தொப்பி வச்சிருக்கு.”

ஆபீசர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். காமாயி அடக்கவில்லை. சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

எனக்கு நிஜமாகவே தெரியவில்லையா, விளையாடினேனா என்று ரேஞ்சர் வெளியில் வந்து கேட்டார். அவருக்குச் சொல்லவில்லை. அரசாங்க ஆவணத்துக்கும் சொல்லமாட்டேன்.

நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். வாக்கிடாக்கியையும் பைனாகுலரையும் வாங்கிக்கொண்டார்கள். கோபுரத்துச் சாவியை நானே கொடுத்தேன். ஓவர்.

ஏப்ரல் 5, மார்ச் 21-க்குத் திருத்தம்

மாலை நான்கு மணி. மேகம் இல்லை. புகை.

ஏப்ரல் 14

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணை அறுத்துக் கட்டு அவிழ்த்தார்கள். காமாயிதான் கூட வந்தாள். எதிரில் நின்று கையைத் தூக்கினாள்.

“இது எத்தனை?”

“மூணு. ஒனக்குத் தலை பூராம் நரைச்சிருச்சே, எப்பருந்து?”

“நீங்க கட்டைக்கு வணக்கம் வச்ச அன்னிக்கு.”

பஸ்ஸில் திரும்பும்போது வளைவில் குதிரைமுடி வந்தது. கழுத்துப்பக்கம் பாதி கறுப்பு. மீதிப் பாதி பச்சை. இலை இலையாகத் தெரிந்தது. மூன்று வருஷமாகப் பார்க்காததை முழுசாகப் பார்த்த அன்றைக்குப் பாதிதான் மிச்சம்.

இந்த நோட்டில் கோடு நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். அச்சடித்தவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 23

திலகா வந்து சொன்னது. விசாரணை முடிந்துவிட்டது. காமாயிமேல் கேஸ் இல்லை. சரவெடிமேலும் கேஸ் இல்லை. ரேஞ்சர்மேலும் இல்லை. காரணம் கண்டுபிடித்துவிட்டார்களாம்.

“என்னாவாம்?”

“இயற்கை. காத்துல மூங்கிலும் மூங்கிலும் ஒரசித் தீப்பிடிச்சதுன்னு எழுதியிருக்காங்க தாத்தா.”

“சரவெடிச் சத்தத்தை மூங்கிலாக் கேட்டுக்கிட்டாகளோ?”

திலகா தலையைக் குனிந்துகொண்டது. நான் பேச்சை மாற்றினேன். அந்தப் பிள்ளைக்கு இன்னும் முப்பது வருஷம் வேலை இருக்கிறது.

ஏப்ரல் 24

இன்று காலை காமாயியும் நானும் குதிரைமுடிக்கு ஏறினோம். அவள் ஆட்டோடு முன்னால், நான் கண்ணோடு பின்னால். மேடு, ஓடை, கரிந்த சோலை, கரியாத சோலை, எல்லாம் சுற்றினோம். ஊற்றில் தண்ணீர் சுண்டுவிரல் கனத்துக்கு வருகிறது. பச்சையாக நிற்கிற பாதி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இருவாச்சியைக் காணோம்.

மூங்கிலைத் தேடினேன். ஒரு குத்துக்கூட இல்லை. குதிரைமுடியில் என்றைக்கும் மூங்கில் இருந்ததில்லை. கோடாலி பிடித்தவனுக்கு அது தெரியாதா?

ஓடைக்கு மேலே பாறை இடுக்கில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. காமாயிக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்தது, அதைக் குறித்துக்கொள்ளவும். பாதி கருகிய வெடிக் காகிதம். இந்தப் பக்கத்தில் சோறு வைத்து ஒட்டியிருக்கிறேன்.

இதையும் யாராவது வந்து வாசித்தால், மேகம் என்றே எழுதிக்கொள்ளட்டும்.